கரிசற் சீமையில் வீரமாமுனிவர்

நம் சங்கத்துச் சென்ற திங்கட் கூட்டத்தில், இவ்விதழில் வெளிவரும் கட்டுரைகளைப்பற்றிய பேச்சு எழுந்தபோது, பெரியவர் ஒருவர் நம்மை நோக்கி, “கழுகுமலையில் இருந்துகொண்டு ஏன் வேற்று நாட்டுப் பாதிரிமாரைப்பற்றி எழுத முற்படுகின்றீர்? நம் குலத்துப் பெரியோர் இல்லையா?” என்று வினவினார். வினா நேர்மையானது. நம்மவருள் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறித்தவரும் உளர். ஒருவர் மனம் மகிழ எழுதுவது மற்றொருவர் மனத்தை வருத்துதலுங் கூடும். ஆயினும் கழுகுமலையில் இருப்பதனாலேயே இதனை எழுத வேண்டியவர்களானோம் என்பதே நம் விடை.

நம் மலையின் பாறைச் சரிவில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருத்தலைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அவற்றின் கீழ் வட்டெழுத்திற் பொறித்துள்ள பெயர்களுள் குரவர் பெயர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர் பெயர்களும் காணப்படுகின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முற்பட்ட பாண்டியர் காலத்தில் இவ்வறண்ட நிலத்தின் நடுவே ஒரு பள்ளி இருந்தது. அச்சமயமும் வடக்கேயிருந்து ஈண்டு வந்ததே. வந்தவர் தமிழைக் கற்றனர். கற்று, சிந்தாமணி முதலியவற்றை நமக்குத் தந்தனர். அவர் சமயத்தை ஏலாதாரும் அவர் தமிழை ஏற்றனர். சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சமணரல்லர். அங்ஙனமாயின், கடல் கடந்து வந்து, இம்மலைக்குச் சில கல் தொலைவிலுள்ள காமநாயக்கன்பட்டியில் உறைந்து தமிழ் பயின்ற மற்றொருவரை மட்டும் நாம் ஏன் அயலாராக ஒதுக்குதல் வேண்டும்?

அவர் வீரமாமுனிவர். தாய்தந்தையர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப்பு பெஸ்கி. இத்தாலி தேயத்தில் மாந்துவா நகர்க்கு அணித்தாகிய காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். 1698இல் சேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் லிசுபன் துறைமுகத்தில் கப்பலேறிக் கோவா வந்திறங்கி, 1711இல் மதுரை மிசனைச் சார்ந்தார். அப்போது அவர்க்கு அகவை முப்பது கடந்திருந்தது. முப்பது கடந்தபின் அகரத்தில் தொடங்கியவர், தம் நாற்பத்தாறாம் ஆண்டளவில், 1726இல், 36 படலங்களும் 3615 விருத்தங்களும் கொண்ட தேம்பாவணியை முடித்தார். இதனை எழுதும் நாம் அவ்வகவையை அடுத்துள்ளோம். தாய்மொழியிலேயே பிழையற்ற வெண்பாவொன்று முடிக்க ஓரிரவு விழிக்கின்றோம்.

அவர் இங்கு வருமுன்னரே வழி வகுத்தவர் இருவரை ஈண்டு நினைதல் தகும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட்டு தெ நோபிலி என்னும் தத்துவபோதகர், பறங்கியர் என்ற பெயரே தம் மறைக்குத் தடையாயிருத்தலைக் கண்டார். அந்நாளில் பறங்கியென்றால் ஊன் தின்று மது மாந்தித் தூய்மையின்றித் திரிபவன் என்பதே மக்கள் கருத்து. ஆதலின் அவர் காவி உடுத்து, மரக்கறி உண்டு, சந்நியாசி வாழ்க்கை மேற்கொண்டார். அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1673இல் இந்நாடு போந்து, அவ்வொழுக்கத்திலேயே ஊர் ஊராய்த் திரிந்து, மறவர் சீமையில் ஓரியூரில் 1693இல் வெட்டுண்டு மாண்டார். அவரும் நம் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் புரிந்தவரே. 1947இல் ரோமாபுரியில் அவர்க்குப் புனிதர் பட்டம் சூட்டப்பெற்றது.

இவ்விருவர் அடிச்சுவட்டில் பெஸ்கியார் வந்தார். தைரியநாதர் என்பது அவர் முதலிற் பூண்ட தமிழ்ப் பெயர். மதுரையில் அன்று ஆண்டவர் விசயரங்க சொக்கநாத நாயக்கர்; நம் பக்கத்தில் எட்டயபுரத்தார் முதலிய பாளையக்காரர்களே கண்கண்ட அரசர். கரிசற் காட்டு வாழ்க்கையை நம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை பெய்தாற் கால் புதையும். காய்ந்தால் நிலம் வாய் பிளக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பி நிற்கும். இத்தாலியின் வயல்வெளியிற் பிறந்தவர் இந்நிலத்தில் ஒருபொழுதுண்டு, பறங்கியென்று எவரேனும் இனங்காண்பரோ என்னும் அச்சத்தோடு நடந்தனர் என்பதை எண்ணுங்கால், அவர் சமயத்தில் நமக்குப் பற்று இருப்பினும் இல்லாதொழியினும், அவர் உள்ளத்திண்மையில் ஐயமிராது. அவ்வச்சமும் வீண் அச்சமன்று. நெல்லைச் சீமைக் குருக்கள்பட்டியில் 1714-15 அளவில் அவர் சிறைப்பட்டுக் கொலைத் தண்டனைக்கும் உரியராக்கப்பட்டு அரிதின் உயிர் தப்பினார். வீரர் என்னும் அடைமொழி அவர்க்கு வெறும் அலங்காரமன்று.

ஒரு குரவர் பல நூறு ஊர்களைத் தனியே சுற்றி வருதல் இயலாது. ஊரிலே தங்கிச் செபஞ் சொல்லிக்கொடுத்தவர், சாகுந்தறுவாயிலுள்ளார்க்கு ஞானநீராட்டியவர், வழக்குத் தீர்த்தவர் எல்லாரும் நம் நாட்டு உபதேசியார்களே. முனிவர் இவர்கட்கென்றே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். தமிழ் உரைநடை என்பது உரையாசிரியர் நடையாகவே பெரிதும் இருந்த காலத்தில், ஓலையைக் கையிற் பிடித்து ஊர் மன்றில் உரக்கப் படிப்பதற்குரிய நடையொன்றை அவர் ஆக்கினார். மிசனரி ஒருவரது புகழின்கீழ்ப் பெயரில்லா உபதேசியார் பலர் உழைப்பு மறைந்து கிடக்கின்றது. அவருள் நம் முன்னோரும் இருந்திருத்தல் கூடும்.

இனி நாம் பெரிதும் வியப்பது புள்ளியின் வரலாறு. எகரமும் ஒகரமும் குறிலாயின் புள்ளி பெறும், நெடிலாயின் பெறா என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வந்த விதி. ஆனால் ஏடெழுதுவோர் புள்ளியிடுதலைக் கைவிட்டனர். ஆகவே ‘எரி’ எனினும் ‘ஏரி’ எனினும் ஒரே வடிவம். ‘பெய்’ என்பதும் ‘பேய்’ என்பதும் ஒன்றே. ‘கொடு’ என்பதற்கும் ‘கோடு’ என்பதற்கும் வேற்றுமையில்லை. பொருள் கொண்டு ஓசையை ஊகித்துப் படிப்பது புலவர்க்கு எளிது. புதிதாய்க் கற்பார்க்கோ அது புதைகுழி. முப்பது வயதில் தமிழ் எழுத்துக் கற்ற ஒருவர்தாம் அவ்விடரைத் தம் காலில் தைத்த முள்ளாக உணர்ந்திருப்பர். முனிவர் குறிலை விடுத்து நெடிலுக்கே தனி அடையாளம் தந்து, கொம்பைச் சுழித்து ‘கே’ என வேறுபடுத்தும் முறையைக் காட்டினார். இன்று நம் ஊர்ப் பிள்ளை பலகையில் ‘தேர்’ என்று எழுதி ‘தேர்’ என்றே படிக்கின்றான். ‘தெர்’ என்று தடுமாறுவதில்லை. இம்மலையடிவாரத்தில் தேரோடும் வீதியில் நின்று நாம் அடிக்கடி இதனை எண்ணுவதுண்டு.

அகராதியின் வரலாறும் இத்தகையதே. நிகண்டுகள் செய்யுளாய் இருந்தமையின் மனப்பாடம் செய்தார்க்கே பயன்பட்டன. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் எழுத்து வரிசையில் ஓர் அகராதி நிகண்டு செய்தாராயினும், அதுவும் செய்யுளே. முனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்டு, சொல்லைத் தேடுவார் எவர்க்கும் வாயில் திறந்து வைத்தது. தொன்னூல் விளக்கத்தில் ஐந்திலக்கணமும் வகுத்தார். திருக்குறளின் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். மூன்றாம் பாலைத் தொடாமை துறவிக்குரிய கூச்சம் போலும். பரமார்த்த குருவின் கதையைச் சொல்லித் தம் மாணவரை நகைப்பித்தவர், தம்மைப் போன்ற குருமாரையே அங்கு நகையாடினாரோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

அவர்க்குப் பகைவரும் இருந்தனர். 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவின் வழிவந்த லுத்தரன் சபையாரை வேதவிளக்கம் முதலிய நூல்களால் அவர் கடுமையாய்க் கண்டித்தார். அக்கடுமை இன்று படிப்பார்க்கு இனியதன்று. நாம் அதனைப் புகழமாட்டோம். ஆனால் அவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடமே. சமயத்தில் மாறுபட்டோர் இலக்கணத்தில் அவரை ஆசிரியராகக் கொண்டனர்.

ஈண்டு நம் குறையொன்றையும் சொல்லிவிடல் வேண்டும். சந்தா சாகிபு அவர்பால் மகிழ்ந்து திவான் பதவியும் ஊர்களும் அளித்தான், பல்லக்கும் பரிவாரமும் சூழ அவர் சென்றார் என்னும் கதையைப் பதினைந்தாண்டு நாமே வகுப்பிற் சொல்லி வந்தோம். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, துறவி எப்படித் திவான் ஆவார்?” என்றான். நம்மிடம் விடையில்லை. பின்னரே தேடிப் படித்தோம். அக்கதை புதுச்சேரி முத்துசாமி பிள்ளை 1822இல் எழுதிய சரித்திரத்திலிருந்து பரவியது. எல்லிஸ் துரை 1816இல் அவரைத் தென்னாட்டுக்கு அனுப்பி முனிவர் நூல்களைத் திரட்டச் செய்தார். பிள்ளையவர்கள் நமக்குச் செய்த உதவி பெரிது. எனினும் முனிவர் மறைந்து எழுபது ஆண்டுகட்குப் பின் செவிவழி கேட்டவற்றையும் அவர் சேர்த்தெழுதினார். 1918இல் சேசு சபையைச் சேர்ந்த பெஸ் என்பார் சபையின் பழங்கடிதங்களோடு ஒப்பு நோக்கி அச்செய்திகள் பலவற்றை மறுத்தார். மணப்பாட்டில் 1742இல் இறந்தார் என்பதும் அவ்வாறே வீழ்ந்தது. மலையாள நாட்டு அம்பலக்காட்டில் 1747இல் உயிர் நீத்தார் என்பதே ஆராய்ந்தோர் முடிபு. மறுநாளே அம்மாணவனை அழைத்து, நம் பிழையை வகுப்பின் முன் ஒப்புக்கொண்டோம்.

தேம்பாவணியைப் பாடிக்கொடுத்தவர் அவர்தம் ஆசிரியராகச் சொல்லப்படும் சுப்பிரதீபக் கவிராயரே என்பாரும் உளர். அயலான் ஒருவனால் இத்துணைத் தமிழ் இயலாது என்னும் எண்ணமே இதன் வேர். இலக்கணமும் அகராதியும் உரைநடையும் ஒருவரே செய்தார் என்று ஒப்புக்கொண்டு, காவியத்தை மட்டும் பிறர்க்கு ஏற்றுவது நமக்கு நேர்மையாகப் படவில்லை. ஆசிரியர் திருத்தியிருக்கலாம். திருத்தாத ஆசிரியர் எவர்?

பெரியவர் வினவாத வினா ஒன்று உளது. அதனை நாமே எழுப்புகின்றோம். இம்முனிவர்கள் நம் நாட்டுச் சாதி வேற்றுமையை என் செய்தனர்? உண்மையுரைப்பின், அதனையும் உடையோடும் உணவோடும் சேர்த்து ஏற்றனர். மதுரை மிசனில் மேற்குலத்தார்க்குப் பிராமண சந்நியாசிகளும், ஏனையோர்க்குப் பண்டாரசாமிகளும் என இருவகைக் குருமார் இருந்தனர். தாழ்த்தப்பட்டார் இல்லத்துள் புகுந்து நோயாளர்க்கு இறுதிச் சடங்கு செய்யவும் தயங்கினர். ரோமாபுரித் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் இருந்து இவ்வழக்கங்களைக் கண்டித்து ஆணையிட்டார். நாற்பதாண்டு வாதத்தின் பின் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசர் அதனை உறுதி செய்தார். முனிவரின் தமிழ் வாழ்க்கை முழுதும் இவ்வழக்கின் நிழலிலேயே கழிந்தது. சாதியைத் தொட்டால் மேற்குலத்தார் விலகுவர், தொடாவிடின் மறை பொய்க்கும் என்பது அவர்தம் இடர்.

சாதிச் சங்கத்தின் இதழில் இதனை எழுதுங்கால் நம் கை சிறிது தயங்கியதை மறைக்கமாட்டோம். கடல் கடந்து வந்தவர் அவ்விடரில் சிக்கினார் என்று குறை கூறுதல் எளிது. அவ்விடரை ஆக்கி வைத்தவர் அவரல்லர். பள்ளியில் எவர் பிள்ளை எவர் பிள்ளையோடு அமர்வது என்று வழக்கிட்டவர் நம் பாட்டன்மாரே. அன்று ஊர்க்கிணற்றில் நீர் மறுக்கப்பட்டாரும் உளர், மறுத்தாரும் உளர். நம் குடும்பங்களில் இரண்டின் கதையும் கேட்கலாம். முதலாவதை விழாக்களிற் பேசுகின்றோம். இரண்டாவதைப் பேசுவாரைக் காணோம்.

முனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்ட ஏலாக்குறிச்சியிலும், கோனான்குப்பத்திலும் அவர் நினைவு போற்றப்படுகின்றது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலையும் நிறுவப்பட்டது. காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்குக் கரிசற் காட்டு ஊர்களிலிருந்து பல சமயத்தாரும் திரளுகின்றனர். சென்ற ஆண்டு நாமும் சென்றிருந்தோம். நம் கழுகுமலைத் தேருக்கு வடம் பிடிக்கும் முகங்கள் சிலவற்றை அங்கும் கண்டோம்.

வரும் கூட்டத்தில் தேம்பாவணியின் நாட்டுப்படலத்தைப் பொருளோடு படிக்கக் கருதியுள்ளோம். அன்பர்கள் எவர் வீட்டிலேனும் பரணில் பழைய ஏடுகள் கிடப்பின், சமய நூலாயினும் கணக்கேடாயினும், தவறாது கொண்டுவருக. எகர ஒகரங்களுக்குப் புள்ளியும் சுழியும் இடாது எழுதிய ஏடு ஒன்றையேனும் நம் இளைஞர் கண்ணாற் காணல் வேண்டும். வினவிய பெரியவர் இல்லத்தில் அத்தகைய ஏட்டுக்கட்டு ஒன்று உண்டென்று அவர் மகனார் சொல்லக் கேட்டுள்ளோம்.