லைசாண்டர் விமான அளவுமாதிரி

லைசாண்டர் விமான அளவுமாதிரி என்பது, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியக் கண்காணிப்பு விமானமான வெஸ்ட்லாண்ட் லைசாண்டரை, பெட்டியில் உதிரிகளாக வரும் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து ஒட்டி, வண்ணமிட்டு, குறிப்பிட்ட விகிதத்தில் உருவாக்கும் கைவினை ஆகும். 1:72, 1:48, 1:32 ஆகிய அளவுகளில் இது கட்டப்படுகிறது. இந்திய வான்படை பர்மாப் போர்முனைக்குக் கொண்டுசென்ற விமானம் இது என்பதால், இந்தியக் கைவினைஞரின் அலமாரியில் முதலிடம் பெறத் தக்கது.

பெயரும் வகைப்பாடும்

லைசாண்டர் என்பது பண்டைய கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா நாட்டுத் தளபதியின் பெயர். தரைப்படையோடு சேர்ந்து இயங்கும் விமானங்களுக்கு அட்லஸ், ஹெக்டர் எனப் பண்டைய கிரேக்கப் பெயர்களை இடும் வழக்கத்தை ஒட்டி இதற்கும் அப்பெயர் அமைந்தது. விமானிகள் செல்லமாக லிஸ்ஸி என்றனர்.

போர்க்காலக் கண்காணிப்பு விமானங்களை இரு பிரிவாகக் கொள்ளலாம். முதற்பிரிவு, தரைப்படைக்கு உளவு பார்ப்பது, படமெடுப்பது, செய்தி கொண்டுசெல்வது, சிறு குண்டு வீசுவது எனப் பல வேலைகளைச் செய்த இருவர் விமானங்கள். லைசாண்டரும் ஜெர்மனியின் ஹென்ஷல் 126 விமானமும் இதில் அடங்கும். இரண்டாம் பிரிவு, பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொன்ன மிக இலகுவான விமானங்கள். அமெரிக்காவின் பைப்பர் எல்-4, ஸ்டின்சன் எல்-5, பிரித்தானியாவின் ஆஸ்டர் ஆகியவை இதில் சேரும். முழுச் சுமையோடு ஏறத்தாழ 2.9 டன் எடையுள்ள லைசாண்டர், ஒரு டன்னுக்கும் குறைவான ஆஸ்டருக்கு அருகில் பெரியதுதான். ஆயினும் குறுகிய வயல்வெளியிலும் இறங்கி ஏறும் திறனாலும், கண்ணாடிக் கூண்டிலிருந்து தரையை நோக்கும் பணியாலும் இது கண்காணிப்பு விமானமே.

தோற்றமும் அமைப்பும்

டெடி பெட்டர், ஆர்தர் டேவன்போர்ட் ஆகியோர் வடிவமைத்த லைசாண்டர் 1936 ஜூன் 15 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1938இல் பிரித்தானிய வான்படையில் சேர்ந்தது. சிறகு விரிவு 15.24 மீட்டர், நீளம் ஏறத்தாழ 9.3 மீட்டர். பிரிஸ்டல் மெர்க்குரி எஞ்சின் இதை இழுத்தது. விமானியின் பார்வையைச் சிறகு மறைக்காதபடி, அது கூண்டின் உச்சியில் பொருத்தப்பட்டது. சிறகின் முன்விளிம்புத் தகடுகள் வேகம் குறையும்போது தாமாகவே வெளிவந்தன. அதனால் மணிக்கு ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகம் வரை விமானம் விழாமல் மிதந்தது. சக்கரங்களை மூடிய உறைகளுக்குள் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன; அவ்வுறைகளில் குட்டைச் சிறகுகளை மாட்டிக் குண்டுகளைத் தொங்கவிடலாம்.

1940 மே, ஜூன் மாதங்களில் பிரான்சில் இவ்விமானங்கள் பெருமளவில் வீழ்த்தப்பட்டன. பின்னர் கருவண்ணம் பூசி, வயிற்றடியில் கூடுதல் எரிபொருள் தொட்டியும் பக்கவாட்டில் ஏணியும் பொருத்தி, நிலவொளியில் பிரான்சுக்குள் ஒற்றர்களை இறக்கவும் ஏற்றிவரவும் இவற்றைப் பயன்படுத்தினர். மேலைநாட்டில் லைசாண்டரின் புகழ் பெரும்பாலும் இந்த இரவுப் பயணங்களால் வந்தது.

இந்திய வான்படையில்

1932 அக்டோபர் 8 அன்று தோன்றிய இந்திய வான்படையின் முதல் படையணி, 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களுடன் அமைந்தது. 1941இல் அது லைசாண்டருக்கு மாறியது. அந்த விமானங்கள் பம்பாய் மக்கள் போர் நிதிக்கு அளித்த கொடையால் வாங்கப்பட்டவை. 2ஆம், 4ஆம் படையணிகளும் பிறகு லைசாண்டரில் பறந்தன.

1942 பிப்ரவரி 1 அன்று, கே. கே. மஜும்தார் தலைமையில் முதல் படையணி பர்மாவின் டவுங்கூ வந்து சேர்ந்தது. அன்றிரவே ஜப்பானிய விமானங்கள் அத்தளத்தைத் தாக்கின. மறுநாள் மஜும்தார் தம் லைசாண்டரில் 250 பவுண்டுக் குண்டுகள் இரண்டைத் தொங்கவிட்டு, தாய்லாந்தின் மே ஹாங் சான் தளத்தைத் தாக்கித் திரும்பினார். அதற்கடுத்த நாள் படையணியே திரண்டு சென்றது. வேவு பார்க்கப் பிறந்த விமானத்தைக் குண்டுவீச்சு விமானமாக்கிய அந்தத் துணிவுக்காக மஜும்தாருக்குப் பறப்புச் சிறப்புச் சிலுவை விருது கிடைத்தது.

 

கிட்டுகள்

1:72 அளவில் ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ் நிறுவனங்களின் கிட்டுகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. 1:48 அளவில் செக் நாட்டின் காவியா நிறுவனத்தின் கிட்டும், 1:32 அளவில் மேட்ச்பாக்ஸ் கிட்டும் உள்ளன. கட்டி முடித்த மாதிரியின் சிறகு விரிவு 1:72இல் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். 1:48இல் 32 சென்டிமீட்டர். 1:32இல் 48 சென்டிமீட்டர்.

கட்டும் முறை

பாகங்களை ஸ்ப்ரூ என்னும் சட்டத்திலிருந்து பிய்க்கக் கூடாது; கட்டரால் நறுக்கி, பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். லைசாண்டரின் கூண்டு முழுதும் கண்ணாடி என்பதால் உள்ளிருக்கும் இருக்கை, குழாய்ச் சட்டங்கள், கருவிப் பலகை எல்லாம் வெளியே தெரியும். எனவே உட்புறத்தை முதலில் முடித்து வண்ணமிட்ட பிறகே உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். இணைப்பில் பட்டி பார்த்துத் தேய்ப்பது அடுத்த வேலை.

கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை ஆகாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். வெள்ளைப் பசையே ஏற்றது. கூண்டின் சட்டங்களுக்கு வண்ணமிட, கண்ணாடிக் கட்டம் ஒவ்வொன்றையும் மாஸ்கிங் டேப்பால் மறைக்க வேண்டும். இவ்விமானத்தைக் கட்டுவதில் அதிகப் பொறுமை கேட்கும் கட்டம் இதுவே.

சிறகுகளைச் சக்கரத் தண்டிலிருந்து எழும் வி வடிவத் தாங்குகம்புகள் பிடித்து நிறுத்துகின்றன. கம்புகளை ஒட்டியதும் மாதிரியை நேர் எதிரே வைத்து, இரு சிறகு நுனிகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பார்த்து, பசை இறுகும்வரை முட்டுக்கொடுக்க வேண்டும். வால்பக்கம் தாழ்ந்தே நிற்கும் விமானம் ஆதலால் மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை.

இந்திய லைசாண்டர்

சரியான இந்திய லைசாண்டர் 1942 பிப்ரவரி டவுங்கூ விமானமே. அதற்கு ஏணியும் வயிற்றுத் தொட்டியும் கூடாது. குட்டைச் சிறகுகளைப் பொருத்தி, பக்கத்துக்கு ஒன்றாக 250 பவுண்டுக் குண்டு வைக்க வேண்டும். மேற்புறத்தில் மண்பழுப்பும் அடர்பச்சையும் அலையலையாக வரும். வட்டக் குறியின் நடுவில் சிவப்பு இருக்க வேண்டும். ஜப்பானியச் சூரியக் குறியோடு குழம்பாதிருக்கச் சிவப்பை நீக்கியது அதற்குப் பிந்திய வழக்கம். டீகால் எனப்படும், நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படங்களை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் பூசினால், படத்தின் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மினுங்காது.

கடற்கரை ஊர்களில்

தொண்டிக்குத் தெற்கே அலையாத்திக் காட்டை ஒட்டிய காரங்காடு போன்ற பாக் விரிகுடாக் கரை ஊர்களில் காற்றின் ஈரமே முதல் இடையூறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தின்னர் கலந்த லாக்கர் வண்ணத்தைத் தெளித்தால் மேற்பரப்பில் பால்படலம் பூக்கும். வெயில் ஏறி ஈரம் குறைந்த வேளையில் மெல்லிய பூச்சுகளாகத் தெளிப்பதே இதற்கு வழி. டீகால் தாளைச் சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வைக்கலாம். உப்புக்காற்றில் கட்டர் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவி வைப்பது நல்லது. நேர் வெயில் விழும் ஜன்னலோரத்தில் முடிந்த மாதிரியை வைத்தால் தாங்குகம்புகள் வளையலாம்.

இன்றைய நிலை

கிட்டுகள் இப்போது பெரும்பாலும் இணையவழியே வாங்கப்படுகின்றன.  உண்மையான லைசாண்டர் ஒன்று புது தில்லி பாலத்தில் உள்ள இந்திய வான்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.