சூரியன் வராத தைப்பொங்கல்: வடநோர்வே சென்ற எம்மவர் கதை

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கத்தின் செயலாளர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மலருக்காகத் திரட்டிய பழைய மாணவியரின் விலாசப் பட்டியலைப் பார்த்ததும் மனம் வேறு பக்கம் போய்விட்டது. கனடா, இங்கிலாந்து, சுவிஸ், ஜேர்மனி, நோர்வே என்று பக்கம் பக்கமாக நீண்டது அந்தப் பட்டியல். வன்னி வெயிலில் வளர்ந்த பிள்ளைகளில் இத்தனை பேர் பனிக்குள் வாழ்கிறார்கள். இந்தப் போக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் மிக வடக்கே போனவர்களின் கதையை எங்கள் மாணவியர் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குருநகரில் தொடங்கிய பாதை

நோர்வேக்குச் சென்ற முதல் ஈழத்தமிழராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம். 1956இல் அவர் அங்கு சேர்ந்தார். கடற்றொழிலாளர் ஊரில் பிறந்தவருக்கு நோர்வேயின் மீன்பிடி முறைகள் கண்ணில் பட்டன. தான் கற்றதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணினார். நோர்வே மக்களின் உதவியோடு 1967இல் ‘சீநோர்’ உருவானது. காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் கீழ் இயங்கின. சீநோர் வலையும் சீநோர் படகும் வடபகுதிக் கரையோரமெங்கும் அறிந்த பெயர்கள். முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இராஜேந்திரத்தின் தொடர்பால் சில இளைஞர்கள் நோர்வேக்குச் சென்றார்கள். 1975இல் நோர்வே வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கதவை மூடியது. படிக்க வருபவர்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது. ‘மக்கள் உயர்பள்ளி’ என்று சொல்லத்தக்க விடுதிப் பாடசாலைகள் அங்கே பல உண்டு. 1864இல் முதலாவது பள்ளி தொடங்கியது. பரீட்சை கிடையாது, புள்ளி கிடையாது. ஓராண்டு தங்கி மொழி, இசை, கைப்பணி, வெளிக்கள வாழ்வு என்று விரும்பியதைப் படிக்கலாம். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் எமது இளைஞர்கள் பலர் இந்தப் பள்ளிகளின் அனுமதிக் கடிதத்தோடுதான் விமானம் ஏறினார்கள். தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலில் தடுக்கப்பட்ட ஒரு தலைமுறைக்குப் பரீட்சை இல்லாத பள்ளி கதவு திறந்தது. 1983 யூலைக்குப் பிறகு அந்தப் பாதையில் கூட்டம் கூடியது. பின்னர் அகதிகளாகவும் வந்தார்கள். அதன் பின் மணப்பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள்.

மீன் மேசையின் முன்

பள்ளி முடிந்ததும் வேலை வேண்டும். வேலை இருந்த இடம் நோர்வேயின் வடகோடி, பின்மார்க் மாகாணம். ஹமர்பெஸ்ட், வார்தோ, போட்ஸ்பியோர்ட் போன்ற கரையோர ஊர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்தன. உள்ளூர் இளையோர் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பு பின்லாந்துப் பெண்கள் வந்து நின்று செய்த வேலையை எம்மவர் ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை எளிதல்ல. கொட் மீனைத் தோலுரித்துத் துண்டமாக்கி, கீழிருந்து ஒளி வரும் மேசையில் வைத்து, முள்ளும் புழுவும் இருக்கிறதா என்று பார்த்து வெட்டி அகற்ற வேண்டும். நீண்ட நேரம் நின்றபடி, குளிர்ந்த மீனைத் தொட்டபடி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. இப்படியான வேலை மணிக்கட்டுக்கும் தோள்மூட்டுக்கும் என்ன செய்யும் என்பதை ஒரு வைத்தியராக என்னால் ஊகிக்க முடிகிறது. ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ வரக் கனவு கண்டவர்களும், ஊரில் மீன் வெட்டியே பழகாதவர்களும் அந்த மேசைகளின் முன் நின்றார்கள். அந்தச் சம்பளத்தில் தங்கைமாரின் கலியாணமும் தம்பிமாரின் பயணமும் நடந்தன. வன்னியின் பல வீடுகளில் அடுப்பெரிந்ததும் அதனால்தான்.

அங்கேயும் கருவாடு உண்டு. எங்களுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். அவர்கள் கொட் மீனை உப்பின்றி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். மாசி முதல் வைகாசி வரை அடிக்கும் குளிர்காற்றே அதை உலர்த்திவிடும்.

எரிக்கப்பட்ட மண்

எம்மவர் போய்ச் சேர்ந்த அந்த மாகாணத்துக்கும் ஒரு இடப்பெயர்வு வரலாறு இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944இன் இறுதி மாதங்களில், பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கையும் அதையடுத்த வடபகுதியையும் எரித்தது. ஏறத்தாழ 50,000 மக்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். போக மறுத்த பல ஆயிரம் பேர் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஏறத்தாழ 11,000 வீடுகளும் நூறுக்கு மேற்பட்ட பாடசாலைகளும் இருபதுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளும் அழிந்தன. ஹமர்பெஸ்ட் நகரில் சவச்சாலைத் தேவாலயம் ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1891இலேயே தெருக்களுக்கு மின்விளக்குப் போட்ட நகரம் அது.

போர் முடிந்ததும் உடனே திரும்ப வேண்டாம், முதலில் திட்டமிட்டுக் கட்டுவோம் என்று அரசு சொன்னது. மக்கள் கேட்கவில்லை. 1945 கோடையிலேயே படகேறித் திரும்பினார்கள். தகரமும் பலகையும் வைத்துக் கொட்டில் போட்டு வாழ்ந்தபடி மீண்டும் ஊரைக் கட்டினார்கள். இன்று அங்கே காணப்படும் ஒரேமாதிரியான மரவீடுகள் பல அந்த மீள்கட்டுமானக் காலத்தவை.

இதைப் படிக்கும் என் வயதுத் தோழியருக்கு நெஞ்சு கனக்கும். 2009க்குப் பின் நாங்கள் திரும்பியபோது கிளிநொச்சியின் பெரிய நீர்த்தாங்கி தரையில் சாய்ந்து கிடந்தது. தறப்பாள் கொட்டில், தகரக் கூரை, மரத்தடி வகுப்பு என்பவற்றையெல்லாம் நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. எரிந்த ஊரிலிருந்து போனவர்கள், எரிந்து எழுந்த ஓர் ஊரில் வேலை செய்தார்கள். அங்குள்ள முதியவர்களில் பலர் சிறு வயதில் இடம்பெயர்ந்தவர்கள். ‘அகதி’ என்ற சொல்லை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்திராது.

அந்த மண்ணின் ஆதிக்குடிகளான சாமி மக்களின் கதையும் அறியத்தக்கது. கலைமான் மேய்ப்பும் மீன்பிடியுமாக வாழ்ந்த அவர்களின் மொழி பாடசாலைகளில் நீண்டகாலம் ஒடுக்கப்பட்டது. 1989இல் அவர்களுக்கென ஒரு பாராளுமன்றம் கராஸ்யோக் என்ற ஊரில் திறக்கப்பட்டது. தாய்மொழி பற்றிய கவலையோடு போன எம்மவர் அங்கே இன்னொரு சிறிய மொழி மீண்டெழுவதைக் கண்டார்கள்.

வெயிலும் எலும்பும்

ஹமர்பெஸ்ட் ஏறத்தாழ வட அகலக்கோடு 70 பாகையில் உள்ளது. நாம் 9 பாகையில் இருக்கிறோம். நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. மே நடுப்பகுதி முதல் யூலை இறுதி வரை மறைவதுமில்லை. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டம் கரையைத் தொடுவதால் துறைமுகம் உறைவதில்லை. ஆனால் உள்நாட்டில் கராஸ்யோக்கில் 1886இல் மறை 51.4 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது.

குளிரை உடுப்பால் தடுக்கலாம். வெயில் இல்லாக் குறைக்கு உடுப்பு உதவாது. எமது தோலில் சூரியனின் புறஊதாக் கதிர் படும்போதே விற்றமின் டீ பெருமளவு உருவாகிறது. கறுத்த தோலுக்கு அதற்குக் கூடுதல் வெயில் வேண்டும். கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ஒஸ்லோவில் இருப்பவர்களின் இரத்தத்தில் இந்த விற்றமின் மிகக் குறைவு என்று காட்டியது. ஒஸ்லோவிலேயே அப்படியென்றால் அதற்கும் வடக்கே எப்படி இருக்கும்? உடல் நோவு, தசைச் சோர்வு, எலும்பு மென்மையாதல் எல்லாம் இதனால் வரலாம். இருண்ட மாதங்களில் சிலருக்கு வரும் மனச்சோர்வும் நித்திரைக் குழப்பமும் மருத்துவம் அறிந்தவையே. அவற்றைச் சோம்பல் என்றோ ஊர் நினைவு என்றோ தள்ளிவிடக்கூடாது.

இதற்கான மருந்தை நோர்வேயர் நெடுங்காலமாகவே வைத்திருந்தார்கள். பீட்டர் மொல்லர் என்ற மருந்தாளர் 1850களில் கொட் மீனின் ஈரலை நீராவியால் உருக்கி நல்ல எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டார். 1930களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய ‘ஒஸ்லோ காலையுணவில்’ பாலும் பாணும் பழமும் இருந்தன. குளிர்காலத்தில் அந்த எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் விழுங்கிய கொட் லிவர் ஒயில்தான் அது. குளிர்நாட்டுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: இரத்தப் பரிசோதனை செய்து, வைத்தியரின் சொற்படி விற்றமின் டீ எடுங்கள். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இதில் கவனமாக இருங்கள்.

ஒரு கடிதம்

1990களின் பிற்பகுதி. பொருளாதாரத் தடையில் வன்னிக்கு மண்ணெண்ணெயும் மெழுகுதிரியும் அரிதாயிருந்த காலம். மின்சாரம் என்பது எங்கள் தலைமுறைக்குப் பாடப்புத்தகச் சொல். ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா கலியாணமாகி வடநோர்வேயில் இருந்தா. மாதக்கணக்கில் சுணங்கி வந்த அவவின் கடிதத்தைத் தோழி வகுப்பில் வாசித்துக் காட்டினாள்.

“இஞ்சை தைப்பொங்கலண்டு மத்தியானமும் இருட்டுத்தான் பிள்ளை. சூரியன் வரேல்லை. குசினியிலை லைற்றைப் பாத்துத்தான் பொங்கினனாங்கள்.”

நாங்கள் சிரித்தோம். எங்களுக்குச் சூரியன் இருந்தது, விளக்கு இல்லை. அக்காவுக்கு விளக்கு இருந்தது, சூரியன் இல்லை. எங்கள் ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “அவ அழுதுகொண்டு எழுதியிருக்கிறா” என்றா. அந்த வயதில் எங்களுக்கு அது விளங்கவில்லை. தனியாக, மொழி தெரியாமல், முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டு, இருட்டு மாதங்களைக் கடந்த ஒரு பெண்ணின் நிலையை, பின்னாளில் பிரசவ விடுதியில் நின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

போதலும் நிற்றலும்

வடநோர்வேயில் எம்மவர் பலர் நிலைக்கவில்லை. 1980களின் இறுதியில் பேரன்ஸ் கடலின் மீன்வளம் வீழ்ந்தது. கொட் மீன் பிடிக்கும் அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலைகள் தள்ளாடின. பிள்ளைகளின் படிப்பையும் உறவுகளையும் தேடிப் பல குடும்பங்கள் ஒஸ்லோவுக்கு இறங்கின. இன்று நோர்வேயில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எம்மவர் வாழ்கிறார்கள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1988இல் பிறந்து, மூன்று வயதில் ஹமர்பெஸ்டில் போய் இறங்கிய கம்ஷாயினி குணரட்ணம், 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நோர்வேப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2002இல் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபோது அந்நாட்டின் தூதுவர்கள் கிளிநொச்சிக்கு வந்துபோனதை நாம் பார்த்தோம். அதற்கு முன்பே எமது பெண்கள் அவர்களின் வடகோடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை எத்தனை பேர் நினைத்திருப்போம்?

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மறுபடியும் போகும் காலம் வந்திருக்கிறது. இம்முறை வைத்தியர்களும் தாதியரும் பொறியியலாளரும் போகிறார்கள். என்னோடு ஒரே விடுதியில் வேலை செய்தவர்களும் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மீன் மேசையின் முன் நின்றவர்கள் அனுப்பிய பணத்தில்தான் எங்களில் சிலர் படித்தோம். ஆனால் பின்மார்க்கின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. எரிந்த ஊரைக் கட்டியெழுப்பியவர்களின் பிள்ளைகளே பின்னர் அந்த ஊரை விட்டுத் தெற்கே போனார்கள். கட்டிடங்களை மீளக் கட்டிவிடலாம். அவற்றுக்குள் நிற்க ஆட்கள் வேண்டும். இரவுக் கடமையில் நான் தனியே நிற்கும்போது அந்த நினைப்பு வரும்.

வார்தோ என்ற அந்தச் சிற்றூரில் ஒரு வழக்கம் உண்டு. இருண்ட மாதங்கள் முடிந்து சூரியன் முழுவதுமாக முதன்முதல் தெரியும் நாளில் கோட்டையில் பீரங்கி முழங்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. அது எங்கள் தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் வரும். வெயிலுக்காக ஒரு பாடசாலை விடுமுறை விடும் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நூறாண்டு கண்ட எமது பாடசாலையில் இன்றும் ஒவ்வொரு தையிலும் முற்றத்தில் பானை வைத்துப் பொங்குகிறார்கள். தொலைவில் இருக்கும் அக்காமாரே, தங்கைமாரே, ஒரு தையிலாவது வந்து எங்களோடு நில்லுங்கள். வரமுடியாவிட்டால் குசினி விளக்கைப் பார்த்தாவது பொங்குங்கள். இங்கே நாங்கள் உங்களையும் நினைத்துத்தான் பொங்குவோம்.