இனிஷியல் பிறந்த கதை

எங்கள் வானகரத்திலிருந்து அம்பத்தூர் சாலையைப் பிடித்தால் சற்று தூரத்தில் அயனம்பாக்கம். மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்தவர்தான் உலகச் சதுரங்க சாம்பியன் பட்டம் வென்ற குகேஷ். பிரக்ஞானந்தா அம்பத்தூரைத் தாண்டிப் பாடியில் வளர்ந்தவர். உலகச் சதுரங்கப் பட்டியலில் 'குகேஷ் டி' என்றும் 'பிரக்ஞானந்தா ஆர்' என்றும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே வகைதான். ஆனால் 'டி' என்பது தொம்மராஜு, தெலுங்குக் குடும்பத்தின் வீட்டுப் பெயர். தலைமுறை தலைமுறையாக அப்படியே வரும். 'ஆர்' என்பது ரமேஷ்பாபு, அப்பாவின் பெயர். அது அடுத்த தலைமுறைக்குப் போகாது.

குடும்பப் பெயர் உள்ள நாட்டில் எந்தப் பெயர் பெருகுகிறது, எது அழிகிறது என்று எண்ணிவிடலாம். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1873இல் இதையே ஒரு கணக்காகப் போட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடினார். மகன் வழியே மட்டும் போகும் பெயர், மகன் பிறக்காத வீட்டோடு நின்றுவிடும். நூற்றாண்டுகள் போகப் போகப் பல பெயர்கள் மறைந்து சில பெயர்கள் ஊரையே நிறைக்கும். கொரியாவில் இன்று ஐந்தில் ஒருவர் கிம். நம்மிடம் அப்படி எண்ண என்ன இருக்கிறது? தலைமுறைக்கு ஒருமுறை மாறும் ஓர் எழுத்துதான்.

அந்த எழுத்துக்கு வயது குறைவு. அதன் பின்னால் இருக்கும் முறைக்கு வயது மிக அதிகம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்று சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். முதலில் ஊர், பிறகு தந்தை, கடைசியில் தன் பெயர். சோழர் கல்வெட்டுகளில் பெயரோடு மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் சேரும். அது அரசன் கொடுத்தது. நாளடைவில் பெயருக்குப் பின்னால் நின்றவை சாதியைச் சொல்லும் பட்டங்களாயின.

வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிப் பதிவேடும் ஆபீஸ் ரிஜிஸ்தரும் நீண்ட பெயரைச் சுருக்கச் சொல்லின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. 'சி' என்பது யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி, 'வை' என்பது தந்தை வைரவநாதர். நக்கீரர் காலத்து முறை இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிட்டது. பின்னால் 'பிள்ளை' மட்டும் அப்படியே நின்றது.

அந்த வாலை வெட்டிய கதை எங்கள் பழைய ஜில்லாவில் நடந்தது. வானகரம் அன்று செங்கற்பட்டு ஜில்லா. பெரியார் 1927 டிசம்பரிலேயே குடிஅரசு இதழில் தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை எடுத்துவிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விடும்படி தீர்மானம் போட்டது. பிற்பாடு லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைச் செய்தன. வால் போனதால் சாதி போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது ஒரு பிள்ளையின் சாதி ஊருக்குக் கேட்காமல் போனது. இந்தியாவில் வேறு பல மாநிலங்களில் இன்றும் அது கேட்கிறது. இதைப் பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு வேறு விதமாக நடந்தது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அடுத்தடுத்த கப்பல்களில் செங்கற்பட்டு, வடாற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளமாகப் போனார்கள். அங்கே கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, முதலி 'மூட்லி' ஆனது. நாயுடுவும் பிள்ளையும் அப்படியே ஒட்டிக்கொண்டன. ஊரில் நாம் உதறிய பட்டங்கள் தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே இன்று எங்கும் காணும் குடும்பப் பெயர்கள்.

இப்போது இன்னொரு மாற்றம் நடக்கிறது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தை நிரப்ப வேண்டி அப்பா பெயரை எழுதுகிறோம். பிரக்ஞானந்தாவின் அக்கா அதே சதுரங்கப் பட்டியலில் 'வைஷாலி ரமேஷ்பாபு'. வெளிநாட்டில் குடியேறிய வீட்டில் பேரனுக்கும் தாத்தா பெயரே நிலைத்து, புதிய குடும்பப் பெயர் ஒன்று பிறந்துவிடுகிறது. திட்டமிட்டு யாரும் செய்வதில்லை, படிவம் செய்கிறது.

தமிழக அரசு 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத ஆணையிட்டது. நல்லது. ஆனால் இந்த நெடுங்கதையில் அம்மாவுக்கு இடமே இல்லை என்பது என்னை உறுத்துகிறது. பெண்களுக்கோ கல்யாணத்தோடு எழுத்தும் மாறி, சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று அலைச்சல். அப்பா எழுத்தோடு அம்மா எழுத்தையும் சேர்த்து எழுதும் வீடுகள் இப்போது தென்படுகின்றன. அதுவே சரி.

குடும்பப் பெயர் இல்லாத நமக்கு மூன்றாம் தலைமுறையின் தடம் சீக்கிரம் அழிந்துவிடும். அதனால் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் எழுத்துக்குப் பின்னால் நிற்கும் பெயர்களை, பாட்டி, பூட்டி, அவர்கள் ஊர் உட்பட, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் முழுதாக எழுதி வையுங்கள்.