கங்காணி முதல் செயலி வரை: சிம்பாங் அம்பாட் வட்டாரத் தமிழரும் வேலைத் தொடர்புகளும்

முன்னுரை

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி அமைந்த சிறு நகரம் சிம்பாங் அம்பாட். நாற்சந்தி என்பது இப்பெயரின் பொருள். சிரம்பானிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாக வருவோர் மலாக்கா மாநிலத்துள் இறங்கும் முதல் இடமும் இதுவே. இதன் சுற்றுவட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் உழைத்த தமிழரின் பேரப்பிள்ளைகள் இன்று திறன்பேசியில் லிங்க்ட்இன் என்னும் தொழில்சார் தொடர்புத்தளத்தின் செயலியை வைத்துக்கொண்டு வேலை தேடுகின்றனர். இது புதுமையான செய்தி போலத் தோன்றினும், தெரிந்தவர் வழியாக வேலைக்குச் சேர்தல் என்பது இம்மக்களின் வரலாற்றில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. அப்பழைய தொடர்புமுறை எவ்வாறு இயங்கியது, அதன் எச்சம் இன்றைய இளையோரிடம் எவ்வாறு தங்கியுள்ளது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஒற்றை வாயில்

மலாயாவின் வணிக இரப்பர்ப் பயிர்த்தொழில் மலாக்காவில்தான் தொடங்கியது. டான் சே யான் 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் பெருகவே ஆள்தேவையும் பெருகியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே கங்காணிமுறை வேரூன்றிவிட்டது. 1907இல் அமைந்த இந்தியர் குடிநுழைவுக் குழுவின் நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர். தொழிலாளரின் கப்பற்செலவும் ஆள்சேர்ப்புச் செலவும் அந்நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டன.

கங்காணி வெளியாள் அல்லன். தோட்டத்திலேயே வேலை செய்தவன். உரிமம் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் தன் சாதியினரையும் அண்டைவீட்டாரையும் அழைத்துவந்தான். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின் நடைமுறை இறுகியது. கங்காணி அழைத்துச் செல்வோரை ஊர் மணியக்காரர் முன் நிறுத்த வேண்டும். அவர் ஒப்பமிட்ட பின்னரே ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமிற்குச் செல்ல இயலும். இன்று செயலியில் ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் பரிந்துரையையும், அடையாளம் சரிபார்க்கப்பட்டது என்னும் குறியையும் காணும்போது அம்மணியக்காரரின் கையொப்பம் நினைவுக்கு வராமற் போவதில்லை.

எனினும் இவ்வொப்புமையை ஓரளவிற்கு மேல் நீட்டுதல் பொருந்தாது. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தான் கொணர்ந்த ஆள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கினால்தான் அக்காசு அவனுக்குக் கிட்டும். ஆள் வேறு தோட்டத்திற்குப் போய்விட்டால் அது நின்றுவிடும். ஆதலின் தன் ஆட்களுக்கு வெளித்தொடர்பு ஏற்படாதிருப்பதே அவனுக்கு ஆதாயமாக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இந்நிலை இன்னும் வெளிப்படையானது. அங்குக் கங்காணியின் கூட்டம் பட்டிருந்த கடனைக் குறித்துத் தரப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டோடுதான் தோட்டம் மாற முடிந்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அத்துண்டு நிலைத்தது. வேலைக்குள் நுழைக்கும் தொடர்பே வேலையை விட்டு வெளியேறத் தடையாகவும் இருந்தது என்பது இம்முறையின் உள்ளியல்பு.

இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. கங்காணியின் ஆள்சேர்ப்பு அத்துடன் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. தோட்டத்திற்குள் வேலையோ வீடோ வேண்டுமாயின் ஒருவர் மூலமாகச் சொல்லியனுப்ப வேண்டும் என்னும் நிலை நீடித்தது. அந்த 'ஒருவர்' காலத்திற்கேற்பக் கிராணியாகவோ தொழிற்சங்கத் தலைவராகவோ மாறினார் எனலாம்.

இதே காலத்தில் இதே மொழி பேசிய மற்றொரு சாரார் வேறுவகையில் இயங்கினர். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகச் சேர்ந்தனர். ஊரும் உறவும் அவர்களுக்கும் துணைநின்றன. ஆயினும் உடன்பயின்றோரும் ஒரே பள்ளியில் முன்னே பயின்றோரும் பல துறைகளில் பரவியிருந்தமையால் ஒரு வாயில் அடைபட்டால் மற்றொன்று இருந்தது. ஆங்கிலக் கல்வியே அவர்தம் உயர்வுக்குக் காரணம் என்று கூறிவிடுவது வழக்கம். அக்கல்வியோடு கிடைத்த பள்ளித் தோழமையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

தோட்டம் கலைந்தபோது

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியக் கும்பினிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நெருக்கடிக்கு எதிர்வினையாகவே. பின்னர் செம்பனையும் வீடமைப்பும் தொழிற்பேட்டைகளும் இரப்பர் நிலத்தை எடுத்துக்கொண்டன. மலாக்காவில் 1970களில் பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அலோர் காஜாவின் பெகோவில் ஹோண்டா மகிழுந்துத் தொழிற்சாலை 2003இல் இயங்கத் தொடங்கியது. தோட்டம் கலைந்தபோது வீடும் கோயிலும் பள்ளியும் இழக்கப்பட்டமை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. வேலைக்கு வழிகாட்டிய தொடர்பும் அத்துடன் அறுந்தது என்பதைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை.

தூரத்துத் தொடர்பின் பயன்

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நோக்கத்தக்கது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அத்தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் வினவினார். அடிக்கடி என்றோர் நூற்றுக்கு 16.7, எப்போதாவது என்றோர் 55.6, அரிதாக என்றோர் 27.8. நெருங்கியவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்தே இருக்கும். சற்றுத் தள்ளியிருப்பவரே புதுச் செய்தி தருவார் என்பது இதன் விளக்கம். லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனாளரைக் கொண்டு செய்யப்பட்டு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வும் இதனைப் பெரிதும் உறுதிசெய்தது. ஆனால் முற்றிலும் அறிமுகமற்றவரைவிட, பொதுவான நண்பர் சிலரையுடைய மிதமான தொடர்பே மிகுதியும் பயன்பட்டது. கணினிமயமாகாத தொழில்களில் நெருங்கிய தொடர்புக்கே வலிமை கூடுதல் என்பதும் அதன் முடிவுகளுள் ஒன்று. தொழிற்சாலைப் பணியை நாடும் மாணவனுக்கு அத்தையின் கணவர் இன்றும் செயலியைவிடப் பயனுடையவராக இருக்கக்கூடும்.

2003ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்ற இத்தளம் 2008 முதல் கைப்பேசிகளிலும் இயங்கி வருகிறது. நேரடித் தொடர்பு முதற்படி, தொடர்பின் தொடர்பு இரண்டாம்படி என அது மனிதரை வரிசைப்படுத்துகிறது. நமக்கு வேண்டிய மிதமான தொடர்பு பெரும்பாலும் இவ்விரண்டாம்படியில்தான் உள்ளது. ஆனால் அதனை அடைய முன்பின் பேசியிராத ஒருவருக்கு அழைப்பு விடுக்க வேண்டும். தாம் யார், எந்த ஊர், எதற்காகத் தொடர்புகொள்கிறோம் என மூன்று வரி எழுதுதல் நலம். நான் கண்ட மாணவர் பலர் வெற்று அழைப்பையே அனுப்புகின்றனர். அல்லது அனுப்பாமலேயே விட்டுவிடுகின்றனர். சோம்பல் என்று இதனைக் கடிந்துகொள்ளலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெரிய இடத்தில் நேரே பேசக்கூடாது, ஒருவரைக் கொண்டு சொல்லவேண்டும் என்ற தோட்டத்து ஒழுங்கு மூன்றாம் தலைமுறையிலும் விரல்நுனியைப் பிடித்து நிறுத்துகிறது.

மற்றொரு சிறு தடையும் உண்டு. பினாங்கிலும் ஒரு சிம்பாங் அம்பாட் இருப்பதால், மாநிலத்தைக் குறிக்காமல் ஊர்ப்பெயரை மட்டும் எழுதுபவரை வடக்கத்தியராகக் கருதிவிட வாய்ப்புண்டு.

கங்காணியின் நிழல் இணையத்திலும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்ற இணைய விளம்பரங்களை நம்பிக் கம்போடியாவிற்கும் மியன்மாருக்கும் சென்ற மலேசியர் பலர் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட செய்தி 2022இல் நாடெங்கும் பேசப்பட்டது. பயணச்செலவைத் தாமே ஏற்று, பின்னர் அதையே கடனாகக் காட்டி ஆளைப் பிடித்துவைத்தல் அங்கு நடந்தது. முன்பணம் கொடுத்து ஆள்கட்டியதை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

பள்ளிப் பதிவேடு

செயலியில் கல்வி என்னும் பகுதியில் பல்கலைக்கழகத்தையும் இடைநிலைப்பள்ளியையும் குறிப்பவர்கள் தாம் பயின்ற தமிழ்ப்பள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். கூச்சம் ஒரு காரணமாகலாம். தேவையில்லை என்ற எண்ணமும் ஆகலாம். அலோர் காஜா வட்டாரத் தோட்டத்துப் பள்ளியில் பயின்று இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பொறியியலாளராக இருப்பவரும், அதே பள்ளியில் பதினைந்து ஆண்டு கழித்துப் பயின்றவரும் ஒருவரையொருவர் தேடிக் கண்டறிய இயலாமற் போவது இதனால்தான். யாழ்ப்பாணத்தாருக்குக் கிட்டிய பள்ளித் தொடர்பு நம்மிடமும் உள்ளது; அது எழுதப்படாமல் கிடக்கிறது.

1950களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பக்கம் இதற்கு ஒரு முன்மாதிரி. அங்குத் தோட்டத்துப் பிள்ளையும் சிங்கப்பூர்ப் பிள்ளையும் ஒரே தாளில் எழுதினர். பெயரும் ஊரும் அச்சில் வந்தன. மலாயா நகரங்களில் மணிமன்றங்கள் பின்னர் அமைந்தமைக்கு அதுவே அடிகோலியது.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவர் பெயர், தந்தை பெயர், தொழில், தோட்டம் ஆகியன வரிசையாக இடம்பெற்றிருக்கும். பள்ளி இடம்பெயரும்போது பழைய தளவாடங்களோடு முதலில் கழிக்கப்படுபவை இவையே. தனியார் விவரங்களாதலின் இவற்றை அப்படியே இணையத்தில் ஏற்றுதல் முறையன்று. பதிவேட்டைப் பாதுகாத்து, பள்ளியின் பெயரில் ஒரு பக்கம் திறந்து, முன்னாள் மாணவரைத் தாமே வந்து பதிந்துகொள்ள அழைக்கும் பணிக்கு ஓர் ஆசிரியரும் ஒரு திறன்பேசியும் போதும்.