ஓரிக்கு முகம் வேண்டுமா?

கொல்லிமலையை ஆண்ட சங்ககால வள்ளல் வல்வில் ஓரிக்கு ஆடி 17, 18 நாள்களில் அம்மலையிலேயே அரசு எடுக்கும் விழாவுக்கு நிலையான சின்னம் ஒன்று வரைவதானால், அதில் ஓரியின் முகம் இடம்பெறக் கூடாது. முறுக்கிய மீசை, மணிமுடி, புடைத்த தோள் என்று நாடக மேடை அரசர்களுக்கு வாய்த்த உருவம்தான் ஓவியர் கைக்கு முதலில் வரும். அந்த உருவத்தின் கீழே பெயரை மாற்றினால் பாரியாகவும் நிற்கும், அதியமானாகவும் நிற்கும். ஓரியை ஓரியாக்குவது வேறொன்று. அதைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டிவிட்டார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் போய்த் தைக்கிறது. எய்தவன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஆரம் தாழ்ந்த மார்பைப் பார்த்து, இவன் பிழைப்புக்கு வேட்டையாடுபவன் அல்லன், ஓரிதானோ என்று ஐயுறுகிறார்கள். பாடி முடித்துக் கோவே என்று விளித்ததும் அவன் நாணுகிறான்; பிறகு ஊனும் மதுவும் பொன்னும் தருகிறான். அடையாளம் தெரியாமல் நிற்பதே பாட்டின் அழகாக இருக்க, சின்னத்தில் முகத்தை எழுதுவது பாட்டுக்கு எதிராகப் போவதாகும். அவன் காரி என்ற குறுநில மன்னனோடு பொருது மாண்டான், கொல்லி சேரர் கைக்குப் போயிற்று என்பதையும் நினைத்தால் வெற்றிச் செருக்குள்ள முகம் இன்னும் பொருந்தாது.

முகமில்லாமல் மக்கள் மனத்தில் நிற்குமா என்று கேட்பார்கள். வேணுகோபால் சர்மா வரைந்த வள்ளுவர் நிலைத்துவிட்டாரே என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் வள்ளுவரைக் காட்ட நூலைத் தவிர வேறு செயல் ஓவியருக்குக் கிடைக்கவில்லை. ஓரிக்குச் செயல் கிடைத்திருக்கிறது. இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், யானையும் புலியும் குத்துண்டு கிடக்கும் படத்தை அரசு விழா எப்படி ஏந்தும்? ஏந்த வேண்டாம். நெடுங்கோடு ஒன்றின்மேல் ஐந்து விலங்குகளும் பாட்டின் வரிசையிலேயே உயிரோடு நிற்கட்டும். கோடு உடும்பிடம் அம்புமுனையாக முடியட்டும். பாட்டறிந்தவருக்கு அது வேட்டை, அறியாத பிள்ளைக்கு அது காடு. 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஆனதுபோல, இங்கே உடும்பு பிள்ளைகளின் தோழனாகலாம். (புலிக்கும் யானைக்கும் நாடெங்கும் சின்ன வேலை உண்டு, பாவம், உடும்புக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.)

அரசனின் விழாவில் கொல்லிமலைப் பழங்குடிகளான மலையாளி மக்களுக்கு இடமெங்கே என்பதற்கு உருவத்தைவிட நிறமே நல்ல விடை: அவர்கள் விளைவிக்கும் சாமைக் கதிரின் மங்கிய பொன், உலர்ந்த மிளகின் கருமை. இரண்டே நிறமென்றால் அச்சுச் செலவும் குறைவு. நெடுங்கோடு மலையடிவாரத்து அலங்கார வளைவில் முழுதாக ஓடும். பேருந்தின் பக்கவாட்டிலும் ஓடும். வில்வித்தைப் போட்டிச் சான்றிதழில் ரப்பர் முத்திரையாகக் குத்தும்போது உடும்பும் அம்புமுனையும் மட்டும் போதும். அந்த அளவில் ஐந்து விலங்குகளையும் திணித்தால் மைக்கறைதான் விழும்.