இழுப்பும் பழியும்

என் மகனுக்கு 4 வயதில் முதன்முதலாக இழுப்பு வந்தது. நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்த பெரியம்மா சொன்னார்: "வலி பொறுத்துப் பெத்திருந்தா புள்ளைக்கு இது வந்திருக்குமாடி?"

என் சிசேரியனுக்கு நாளும் நேரமும் குறித்தவர் ஜோசியர். 38ஆவது வாரம், வலியே தொடங்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. பழி மட்டும் என் பெயருக்கு வந்தது.

பிறகுதான் மேரி எல்லன் ஏவரியைப் பற்றிப் படித்தேன். 1952இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்ற அமெரிக்கர். படிப்பு முடிந்ததும் காசநோயில் விழுந்தார். அந்த நோய்தான் அவரை நுரையீரலின் பக்கம் திருப்பியது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்துகொண்டிருந்த காலம். காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் 'சர்ஃபாக்டன்ட்' அவர்களிடம் போதாது என்று 1959இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து காட்டினார். பிறந்தவுடன் சில குழந்தைகளுக்கு வரும் வேகமூச்சை 1966இல் விவரித்தவர்களிலும் அவர் ஒருவர். நுரையீரல் நீர் வற்றத் தாமதமாவதால் வருவது அது. பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும்.

கருவில் குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலியின்போது குழந்தையின் உடலில் சுரக்கும் அட்ரினலின் அந்த நீரை உறிஞ்ச உதவுகிறது. அதனால்தான் வலிக்கு முன்னே, அதுவும் 39 வாரம் நிறையுமுன் அறுவை செய்தால், பிறந்தவுடன் மூச்சுச்சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

ஆஸ்துமா வேறு கதை. பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், சிசேரியனில் பிறந்த பிள்ளைகளிடம் அதன் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று கண்டார்கள். ஆனால் பெற்றோரின் ஆஸ்துமா, வீட்டுப் புகை, அறுவையைத் தேவையாக்கிய நோய் எல்லாம் அந்தக் கணக்கில் கலந்து கிடக்கலாம். ஒன்றாகக் காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. இத்தனை பேரும் வலிக்குப் பயந்தவர்களா? தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய அறுவைகள் இவற்றில் உண்டு. கட்டணமும் டாக்டரின் வசதியும் ராகுகாலமும் முடிவுசெய்தவையும் உண்டு.

என் மாணவிகளிடம் சொல்வது இதுதான்: நாள் குறிக்கிறார்கள் என்றால், "ஏன் இப்போதே? 39 வாரம்வரை காத்திருந்தால் என்ன ஆபத்து?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மருத்துவரிடம் பதில் இருக்க வேண்டும்.

அன்று பெரியம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்வேன்: "நாள் குறிச்சவங்களையும் கூப்பிடுங்க பெரியம்மா. சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்."