டையும் கணக்கும்: நம்ம பக்கத்துப் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை



போன வாரம் நம் குழுவில் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். "டீச்சர், மோல்டு வேலைக்கு டூல் பாத் போட்டா ராத்திரி முழுக்க ஓடுது. லோன் போட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமா?" கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் டூல் ரூமில் இருந்தவர் என்பது அவனுக்குத் தெரியும். அவரிடம் கேட்டதும் நான் படித்ததுமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம்ம பக்கத்துக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, பிறகு அவற்றைச் செய்யும் கருவிகளே வந்தன, 1962-க்குள் புல்லட்டின் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. பாகம் இங்கே செய்வதென்றால் அதற்கு அச்சு வேண்டும், டை வேண்டும். பெரிய கம்பெனிகளின் டூல் ரூமிலும், அவர்களிடம் ஜாப் எடுத்த சின்னப் பட்டறைகளிலும் அந்தக் கலை வளர்ந்தது.

அப்போது டையை எப்படிச் செய்தார்கள்? முதலில் மரத்தில் ஒரு மாதிரி. காப்பி மில்லிங் மெஷினில் ஒரு முனை அந்த மாதிரியைத் தடவிக்கொண்டு போகும், மறுமுனையில் கட்டர் இரும்பை அதே வடிவில் வெட்டும். மீதி எல்லாம் கை. அரம், எமரித் தாள், பிரஷ்யன் ப்ளூ. நீலச் சாயத்தைத் தடவி இரண்டு பாதியையும் மூடித் திறந்தால் சாயம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் தேய்க்க வேண்டும். மறுபடி மூட வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் கை நகத்தில் அந்த நீலம் ஞாயிற்றுக்கிழமையும் போகாது.

இதே சமயத்தில் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவோடு போராடிக்கொண்டிருந்தார். வளைவில் 200 புள்ளிகளைக் கணக்கு இயந்திரத்தில் போட்டு எடுத்தார். ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இரண்டு பேர் மெஷினின் இரண்டு கைப்பிடிகளைத் திருப்பினார்கள். நாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரியேதான்! அந்த இரண்டு பேர் இடத்தில் மோட்டாரை வைத்து, எண்களைக் காகித நாடாவில் துளையாகப் போட்டு, 1952-ல் எம்.ஐ.டி.யில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அந்த எண்களை யார் கணக்கிடுவது? 1959-ல் டக்ளஸ் ராஸ் குழுவினர் அதற்கென்றே ஏபிடி என்ற கம்ப்யூட்டர் மொழியை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்களாம். சிகரெட் காலம் அது.

நம் ஊரில் 1973-ல் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. திருவொற்றியூர்ச் சந்தில் நாலு லேத் வைத்திருப்பவர் அங்கே போய் வரிசையில் நிற்க முடியுமா? 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் இறக்குமதியைத் தளர்த்திய பிறகுதான் மேசைக் கம்ப்யூட்டர்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன, ரிச்சி தெருவும் நமக்குப் பழக்கமானது.

இங்கேதான் என் மாணவன் கேட்ட கேள்வியின் முதல் வடிவம் வருகிறது. அந்தக் கால பி.சி.யின் மூளை முழு எண்ணில் கெட்டி, தசமம் என்றால் சுற்றி வளைத்துப் போடும். டூல் பாத்தோ முழுக்க முழுக்கத் தசமம், வர்க்கமூலம், சைன், காஸ். அதற்கென்றே இன்டெல் 1980-ல் 8087 என்ற துணைச் சில்லைக் கொண்டுவந்தது. போர்டில் அதற்கு ஒரு காலி சாக்கெட் இருக்கும். அதை வாங்கிச் செருகினால், கணக்கு மணிக்கணக்கிலிருந்து நிமிஷக்கணக்குக்கு இறங்கும். 1989-ல் வந்த 486 டிஎக்ஸில் அது உள்ளேயே இருந்தது. பிறகு வந்த 486 எஸ்எக்ஸில் அது கிடையாது, விலை குறைவு. ஒரே எழுத்துதானே வித்தியாசம் என்று எஸ்எக்ஸ் வாங்கிய பட்டறைக்காரர்கள் ஏன் ஓடவில்லை என்று கடையில் போய்ச் சண்டை போட்டது தனிக் கதை.

கணக்கு எவ்வளவு பெரியது? போட்டுப் பார்ப்போம், பேனா எடுங்கள். 300 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம் உள்ள அச்சு. கட்டர் ஒவ்வொரு கோடுக்கும் 0.2 மி.மீ. நகர்ந்தால் 1000 கோடுகள். ஒரு கோட்டில் 0.1 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் 3000 புள்ளிகள். மொத்தம் 30 லட்சம். ஒவ்வொரு புள்ளியிலும் உருண்டை முனைக் கட்டர் பக்கத்துச் சுவரைக் கடித்துவிடுமா என்று பார்க்க வேண்டும். பளபளப்பு வேண்டும் என்று இரண்டு இடைவெளியையும் பாதியாக்கினால் நான்கு மடங்கு, ஒரு கோடியே 20 லட்சம்.

கணக்கு முடிந்தாலும் தீராது. மெஷினின் நினைவகத்தில் அவ்வளவு வரிகள் கொள்ளாது. கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியே சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். 9600 வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்து. ஒரு வரிக்கு 24 எழுத்து என்றால் வினாடிக்கு 40 வரி. வரிக்கு 0.1 மி.மீ. நகர்ந்தால் நிமிஷத்துக்கு 240 மி.மீ.தான். கட்டர் அதைவிட வேகமாக ஓடக்கூடியது, ஆனால் அடுத்த வரிக்காக நின்று நின்று போகும், நின்ற இடத்தில் இரும்பில் வடு விழும். இதற்குப் புதுக் கம்ப்யூட்டர் மருந்தே இல்லை. அப்போது கணிசமான பணம் அங்கேதான் வீணானது என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு சில வருஷம் நல்ல காலம். புது மாடல் வாங்கினாலே வேகம் கூடும். 2004 வாக்கில் அது நின்றது. சில்லுகள் சூடு தாங்கவில்லை, இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தைக் கைவிட்டு, ஒரு சில்லில் இரண்டு மூளை, நாலு மூளை என்று போனது. விடைத்தாள் திருத்தும் முகாமில் பத்துக் கட்டை பத்து ஆசிரியர் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே நெடுவகுத்தலைப் பத்துப் பேர் பங்கிட முடியாது, முந்தைய மீதி தெரிந்தால்தான் அடுத்த படி. ரஃபிங் பாதை அப்படிப்பட்டது. மேல் அடுக்கில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று தெரிந்தால்தான் கீழ் அடுக்கைக் கணக்கிட முடியும். அதனால் பதினாறு மூளைக்காரன் சில வேலைகளில் ஒரு மூளையில்தான் உழைப்பான், மற்றவை வேடிக்கை பார்க்கும்.

ஆகவே தம்பி, லோனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டூல் பாத் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார். ஒரு மூளை மட்டும் முழு மூச்சாய் ஓடினால், எண்ணிக்கை வேண்டாம், ஒற்றை மூளை வேகம் அதிகமான சில்லு வாங்கு. ரேம் நிரம்பி டிஸ்க் ஓயாமல் ஓடினால் ரேமை மட்டும் கூட்டு. எஸ்எஸ்டி போட்டால் ஃபைல் சட்டென்று திறக்கும், கணக்கு அவ்வளவாக மாறாது. கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் திரையில் உருவத்தைச் சுழற்றத்தான். கடைக்காரர் அதைத்தான் முதலில் காட்டுவார், விலை அதில்தானே இருக்கிறது!

யூபிஎஸ் கட்டாயம். 2012-ல் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு மணி நேரக் கணக்கு ஐந்தே முக்காலில் அணைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

இன்னொன்று, நம்ம பக்கத்துக்கே உரியது. 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை ராயபுரத்து மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்களுக்குத் தூசி என்றால் என்னவென்று தெரியும். எண்ணூரில் இன்னும் தெரியும். பட்டறையில் அதோடு இரும்புத்தூள், எண்ணெய்ப் புகை. ஃபேன் அடைத்துக்கொண்டால் சில்லு சூடாகும். சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் மூடியைக் கழற்றி ஊதி எடு. உப்புக்காற்றில் ரேமின் கால்கள் மங்கியிருந்தால் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டு. வெள்ளை ரப்பர் வேண்டும், பேனா மை அழிக்கிற நீல நுனி வேண்டாம், சுரண்டிவிடும்.